கோயிலில் வைத்த கட்டு

எலும்பு முறிந்தால் கட்டுப் போடுவது எப்படி என்று என்னிடம் கேட்டவர்கள் நிறையப் பேர். போட்ட கட்டை வெட்டுவது எப்படி என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. என் வேலைக்காலத்தில் பாதி அந்த வெட்டுவதிலேயே போனது. போன மாதம்தான் அதைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தது. நான் விட்டு வந்த ஆஸ்பத்திரிப் பிளாஸ்டர் அறையில் இப்போது வேலை பார்க்கும் ரமேஷ் எனக்குப் போன் எடுத்தார்.

“அண்ணே, புது மெஷின் வந்திருக்கு. சத்தமே இல்ல. தூசியையும் அதுவே உறிஞ்சிக்கிது. நேத்து ஒரு சின்னப் புள்ளைக்கு இடுப்புக் கட்டு வெட்டுனோம், புள்ள தூங்கிக்கிட்டே இருந்திச்சி. ஒங்க காலத்துல எப்புடிண்ணே?”

“எங்க காலத்துல புள்ளையும் அழுவும், தாயும் அழுவும். பக்கத்து வாட்டுல உள்ளவங்க எந்திரிச்சு வந்து எட்டிப் பாப்பாங்க” என்றேன்.

சிரித்தார். “அதையெல்லாம் எழுதித் தாங்கண்ணே, சும்மாதானே இருக்கீங்க” என்றார். ‘சும்மாதானே’ என்றது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் கோபப்பட்டு என்ன பயன்? அன்று சாயந்தரமே எழுத உட்கார்ந்தேன்.

பிறந்தது ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். படிப்பு பாதியில் நின்றது. பதுளையில் ஓர் ஆஸ்பத்திரியில் வாட்டுச் சிற்றூழியனாகச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். சொல்லப் போகும் பிழை என்னுடையது, கட்டடத்தினுடையது அல்ல. சில வருடம் தள்ளுவண்டி தள்ளிய பிறகு பிளாஸ்டர் அறைக்கு மாற்றினார்கள். முதல் ஆறு மாதம் பஞ்சு சுற்றுவதைத் தவிர வேறெதையும் தொட விடவில்லை. அவ்வளவுதான் என் படிப்பு.

கட்டு பொய் சொல்லாது. கையில் கட்டுப் போட்டு, ஆறு கிழமை, ஒன்றரை மாதம், வேலைக்குப் போகக்கூடாது என்று அனுப்பிய ஒரு அக்கா திரும்பி வந்தார். “ஒரு நாளும் போகலைங்க சார், சாமி சத்தியமா” என்றார். கட்டின் விரல் பக்கமெல்லாம் தேயிலைக் கொழுந்துக் கறை, பச்சையும் கறுப்புமாக. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுக்காவிட்டால் அன்றைய கூலி போய்விடும் என்பது லயத்தில் பிறந்த எனக்குத் தெரியாதா? டொக்டர் பார்க்கும் முன்பே அந்த இடத்தை வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டேன். சிறுவர்களின் கட்டுக்குள் இருந்து எடுத்தவற்றை வைத்து ஒரு சில்லறைக் கடையே போட்டிருக்கலாம். பேனா மூடி, சீப்பின் பல், டொஃபி தாள், ஒரு தடவை முழுசாக ஒரு மாரி பிஸ்கட்.

ஆனால் கட்டுகளில் பெரியது இடுப்புக் கட்டு. சில பிள்ளைகளுக்குப் பிறக்கும்போதே தொடை எலும்பின் பந்து இடுப்புக் கிண்ணத்தில் சரியாக உட்கார்ந்திருக்காது. இப்போது பிறந்த உடனேயே பார்த்துப் பிடித்துவிடுகிறார்கள். அப்போதோ பிள்ளை நடக்கத் தொடங்கி, தாரா மாதிரி சாய்ந்து சாய்ந்து போகும்போதுதான் யாராவது கவனிப்பார்கள். அதற்குள் ஒப்பரேஷன் இல்லாமல் முடியாது என்றாகிவிடும். பந்தைக் கிண்ணத்தில் உட்கார வைத்து, நெஞ்சுக்குக் கீழிருந்து பாதம் வரை, இரண்டு கால்களையும் விரித்தபடி கட்டுவோம். கால்கள் அசையாதிருக்க இரண்டுக்கும் நடுவே ஒரு குறுக்குக் கம்பு. அந்தக் கம்பைப் பார்த்தால் யாருக்கும் பிடித்துத் தூக்கத்தான் தோன்றும். தூக்கினால் கட்டு உடையும். “கம்பப் புடிச்சுத் தூக்காதீங்க” என்று நான் சொன்ன தடவைகளுக்குக் கணக்கில்லை.

வெட்டுவது அதைவிடக் கஷ்டம். எங்கள் பழைய மெஷினின் அலகு சுற்றாது, அப்படியும் இப்படியுமாக அதிரும். இறுகினதை வெட்டும், மெத்தென்று இருப்பதை விட்டுவிடும். தோலில் பட்டாலும் வெட்டாது. ஆனால் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தால் சூடேறித் தோலைப் பொசுக்கிவிடும். அழுத்து, எடு, ஓரங்குலம் தள்ளி வை, மறுபடி அழுத்து. இழுக்கவே கூடாது. நடுநடுவே அலகைத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். இதெல்லாம் கைக்கு வந்துவிடும். பிள்ளையின் காதுக்குத்தான் என்ன சொல்லிப் புரியவைப்பது? அது ஒரு ராட்சதச் சத்தம்.

எங்கள் டொக்டர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஒல்லியான சிங்கள மனிதர். தமிழில் பதினைந்து இருபது சொல் தெரியும், அதையும் மரியாதை இல்லாமல்தான் தெரியும். “நீ வா, நீ உக்காரு” என்று கிழவர்களிடமும் சொல்வார். யாரும் தப்பாக எடுத்ததில்லை. மெஷினை ஓடவிட்டு முதலில் தன் உள்ளங்கையில் வைப்பார். பிறகு என் உள்ளங்கையில். பிறகு தாயின் கையில். பிள்ளையின் பக்கம் திரும்பவே மாட்டார். தாய் ‘கூசுது’ என்று சிரித்தால்தான் வேலை தொடங்கும். தாய் சிரிக்காத நாட்களில் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். வெளியே கிளினிக்கில் ஐம்பது பேர் நிற்பார்கள், அவர் காத்திருப்பார். வெட்ட வேண்டிய கோட்டைப் பென்சிலால் தானே போடுவார். கடைசியில், வீட்டில் செய்ய வேண்டியதையெல்லாம் பிள்ளையின் தாயிடமே சொல்லி, அவள் வாயால் திருப்பிச் சொல்லவைத்துத்தான் அனுப்புவார். தமிழ்த் தாய்மார் என்றால் நடுவில் நான் மொழிபெயர்ப்பேன்.

கீர்த்தியின் கட்டை வெட்டிய அன்று அந்தக் கடைசி வேலைக்கு அவர் இல்லை. அவசரமாக ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். “நீ சொல்லி அனுப்பு” என்று என்னிடம் விட்டுப் போனார்.

கீர்த்தி பெண்பிள்ளை, இரண்டு வயது நிறையவில்லை. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டம். தாய் செல்வி, கொழுந்து பறிப்பவள். தகப்பன் கொழும்பில் கடையில் வேலை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவான். அதனால் ஆஸ்பத்திரிக்கெல்லாம் கூட வந்தது செல்வியின் அண்ணன், பண்டாரவளையில் ஒரு துணிக்கடையில் நிற்பவர். சிங்களம் நன்றாகப் பேசுவார், சட்டையை உள்ளே விட்டிருப்பார். மூன்று மாதமாக இருந்த கட்டு. வெட்டித் திறந்தபோது பிள்ளை கத்திய கத்து இன்னும் காதில் இருக்கிறது. வலியில் இல்லை. இத்தனை நாள் சுமந்த பாரம் போனதும் தன் கால் எங்கே என்று தெரியாமல் பயந்துபோய்க் கத்தியது. தோல் செதில் செதிலாக உரிந்து கிடந்தது. கால்கள் குச்சியாக இருந்தன.

முன் பாதியை எறிந்துவிட்டோம். முதுகுப் பக்கத்துப் பாதிதான் முக்கியம். அதை மெத்தையாகப் பஞ்சு வைத்து, ஓரம் குத்தாமல் ஒட்டி, சீலைத் துணியில் சுற்றிக் கொடுப்போம். பகலில் பிள்ளை தவழலாம், விளையாடலாம். தூங்கும்போது மட்டும் அந்தப் பாதிக் கட்டுக்குள் படுக்கவைத்து, மேலே பட்டி சுற்றவேண்டும். ஆறு கிழமைக்கு. தூக்கத்தில் கால்கள் ஒடுங்கினால் பந்து மெல்ல மெல்ல வெளியே நகரும்.

இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னேன். செதிலைத் தேய்க்கக்கூடாது, வெந்நீரில் ஊறவைத்துத் தேங்காயெண்ணெய் பூசவேண்டும் என்பது வரை சொன்னேன். அண்ணன்காரர் ஒவ்வொன்றுக்கும் “ஆமாங்க, சரிங்க” என்று தலையாட்டினார். செல்வி அந்தப் பக்கம் திரும்பி, கத்தும் பிள்ளையைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். தலையாட்டுகிறவரிடம் சொல்வது எவ்வளவு சுகம்! வெளியே ஐம்பது பேர். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள், என் புத்தியும் போகவில்லை. பாதிக் கட்டைச் செல்வியின் கையில் கொடுத்து, “பத்திரமா வச்சுக்கம்மா” என்று மட்டும் சொன்னேன். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

இரண்டு கிழமை கழித்துக் கிளினிக்குக்குச் செல்வி தனியாக வந்தாள். பிள்ளைக்குச் சளி, நெஞ்சு கறகறத்தது. கீழே விட்டால் உட்காருகிறாள், நிற்கவைத்தால் காலை மடக்கிக்கொள்கிறாள். டொக்டர் படுக்கவைத்து இடது தொடையை மெதுவாக விரித்துப் பார்த்தார். விரியவில்லை. இன்னொரு தரம் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். அதை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

“எங்கம்மா அந்தக் கட்டு?” என்று நான் கேட்டேன்.

“கோயில்ல வச்சிட்டேங்க.”

“எந்தக் கோயில்ல?”

“எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில்லங்க. புள்ளைக்கு ஒப்பரேசன் செய்யிற அன்னிக்கு நேந்துக்கிட்டேன். கால் நல்லாகிக் கட்டு பிரிஞ்சா, அந்தக் கட்டையே ஒங்காலடில கொண்டாந்து வைக்கிறேன் ஆத்தான்னு. நீங்களே கூப்புட்டுக் கையில தந்தீங்க. ஆத்தாதான் தர வச்சான்னு நெனச்சேன். புள்ளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தி, மறுநாளே வச்சிட்டேன்.”

“ராத்திரில அதுல படுக்க வைக்கணும்னு ஒங்கண்ணே சொல்லலையா?”

“அண்ணே பண்டாரவளையிலயே எறங்கிட்டாங்க. எண்ணெ தேச்சு வுடச் சொன்னாங்கன்னு மட்டும் சொன்னாங்க.”

டொக்டருக்கு அவ்வளவையும் சிங்களத்தில் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “நீ யாரிடம் சொன்னாய்?” என்று மட்டும் கேட்டார்.

“தாய் மாமனிடம்.”

“அந்தப் பிள்ளை மாமனோடா படுக்கிறது?”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு நிலைமையைச் சொன்னார். பந்து கொஞ்சம் வெளிப்பக்கம் நகர்ந்திருக்கிறது, இன்னும் விழவில்லை. இன்றிலிருந்து அந்தப் பாதிக் கட்டுக்குள் படுத்தால் பிழைத்துக்கொள்ளும். விழுந்தால் மறுபடி ஒப்பரேஷன், மறுபடி மூன்று மாதம், இரண்டாம் தடவை அவ்வளவு நன்றாகவும் வராது. புதுக் கட்டுச் செய்யலாமே என்று கேட்டேன். அதற்குப் பிள்ளையை மயக்கவேண்டும். இந்தச் சளியோடு முடியாது. சளி தீரக் காத்திருக்க நமக்கு நாள் இல்லை என்றார். தியேட்டரில் சரியான விரிப்பில் செய்த அந்தப் பழைய கட்டுத்தான் வேண்டும்.

செல்வியிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் முடியாது என்று தலையை அசைத்தாள்.

“குடுத்தத எப்படிங்க திருப்பிக் கேக்குறது? ஆத்தா கோவிச்சுக்கிட்டா புள்ளையத்தான் பாப்பா.”

டொக்டர் என்னைப் பார்த்தார். “நீயும் போ. பிள்ளை அதில் படுத்துவிட்டது என்று உன் கண்ணால் பார்த்துவிட்டு வா.”

பஸ்ஸில் ஜன்னலோரம் செல்வியும் பிள்ளையும், பக்கத்தில் பஞ்சுச் சுருளும் பட்டியுமாக நான். பண்டாரவளையில் பஸ் நின்றபோது இறங்கிப் போய் அந்த அண்ணன்காரரை நாலு வார்த்தை கேட்கலாமா என்று தோன்றியது. எந்த முகத்தோடு கேட்பது? அவர் தலையாட்டினார், நான் நம்பினேன். அதைவிட எனக்கு இன்னொரு பயம் இருந்தது. கோயிலென்றால் அபிஷேகம். தண்ணீரும் பாலும் பட்டால் பிளாஸ்டர் நொதுநொதுத்துப் போகும். இரண்டு கிழமை சாமி காலடியில் இருந்தது என்னவாகியிருக்கும்? ஹப்புத்தளைக் காற்று ஜன்னலால் அடித்தது, எனக்கு வேர்த்தது.

ஹல்துமுல்லையில் இறங்கித் தேயிலைக்கு நடுவே ஏறிப் போனோம். கோயில் சின்னது, தகரக் கூரை. பூசாரி தோட்டத்தில் புல்லு வெட்டும் வேலையும் பார்ப்பவர், அப்போதுதான் மேல் கழுவிக்கொண்டு வந்திருந்தார். உள்ளே எட்டிப் பார்த்தேன். கட்டு காலடியில் இல்லை. சூலத்துக்குப் பக்கத்தில், சுவரில் அடித்த ஒரு பலகைமேல், தண்ணீர் எட்டாத உயரத்தில் நிமிர்ந்து நின்றது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். என் கையால் செய்த எந்தக் கட்டுக்கும் அப்படி ஒரு மரியாதை நடந்ததில்லை.

“ஐயா, அது வைத்தியத்துக்கு வேணும். எடுத்துத் தாங்க” என்றேன்.

“கோயிலுக்கு வந்தது கோயிலோடங்க. ஒரு தேங்கா ஓடுன்னாலும் திருப்பிக் குடுக்க எனக்கு உரிமை இல்ல.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார் என்பார்களே, சரியாக இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அம்மனுக்கு என்னத்துக்குங்க பிளாஸ்டர்? அவளுக்கா இடுப்பு வெலகிருக்கு?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பூசாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். லயத்தில் பிறந்து, அதே அம்மனுக்கு அப்பாவோடு காவடி தூக்கிப் போனவன் நான். ஆஸ்பத்திரிக் காக்கிச் சட்டை போட்டதும் அதெல்லாம் மறந்துபோனதா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

செல்வி என்னைக் கடந்து போனாள். இடுப்பிலிருந்த பிள்ளையை இறக்கி, அம்மனுக்கு முன்னால் வெறும் சிமெந்துத் தரையில் படுக்கவைத்தாள். பிள்ளை வீரிட்டது. இவள் எடுக்கவில்லை.

“ஆத்தா, கட்ட மட்டுந்தான் தந்தேன்னு நெனச்சேன். இந்தா, புள்ளையையும் தந்துட்டேன். இனி இது எம்புள்ள இல்ல, ஒம்புள்ள. ஒம்புள்ளைக்கு ஒங்கட்டப் போட்டு வுடு.”

பூசாரி திரும்பிச் செல்வியைப் பார்த்தார். பிறகு, “அப்ப வளக்குறது யாரு?” என்று கேட்டார்.

“நான் தவுட்டுக்கு வாங்கிக்கிறேன்.”

நோய்நொடியில் கிடக்கும் பிள்ளையைச் சாமிக்குக் கொடுத்துவிட்டு, தவிட்டைக் கொடுத்துத் திருப்பி வாங்கி, சாமி பிள்ளையாக வளர்ப்பது எங்கள் ஆட்களிடம் இருக்கிற வழக்கம்தான். எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியது. லயத்துக்கு ஆள் ஓடி, மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு படி கொண்டு வந்தார்கள். பூசாரி அதை அம்மன் முன் வைத்துத் தீபம் காட்டினார். பிள்ளைக்குத் திருநீறு பூசினார். எட்டிப் பலகையிலிருந்து கட்டை இறக்கி, மாலையை மட்டும் கழற்றிவிட்டு, பிள்ளையையும் கட்டையும் சேர்த்தே செல்வியின் கையில் கொடுத்தார்.

“ஆத்தா புள்ளைக்கு ஆத்தா சாமானு. ராத்திரிக்கு மறக்காமப் போடு” என்றார். அதே சொல்லைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும், இரண்டு கிழமைக்கு முன்னால், அவளைப் பார்த்து.

கட்டை விரலால் அல்ல, ஆள்காட்டி விரலால் கட்டைத் தட்டிப் பார்த்தேன். டங்கென்றது, ஓர் ஈரமும் இல்லை. லயத்தில் அவள் இருக்கும் காம்பராவில் வைத்துப் பஞ்சு மாற்றினேன். தொடை இறுகியிருந்ததால் உடனே முழுதாகப் படியவில்லை. இடது பக்கம் பஞ்சு அதிகம் வைத்து, நாளுக்குக் கொஞ்சமாக எடுத்துவிடக் காட்டிக் கொடுத்தேன். இந்தத் தடவை செல்வியே பட்டி சுற்றினாள். அவிழ்த்து மறுபடி சுற்றச் சொன்னேன். மூன்றாம் தடவை சுற்றும்போது கீர்த்தி கட்டுக்குள்ளேயே தூங்கிப்போனாள். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை, திருப்பிச் சொல்ல வைக்காமல் ஒரு தாயையும் அனுப்பியதில்லை.

சொன்ன நாளுக்கெல்லாம் செல்வி வந்தாள். பகலில் கீர்த்தியைத் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவாள். மத்தியானம் பிள்ளை தூங்கும் நேரத்துக்கு இறங்கி ஓடி வந்து கட்டுக்குள் படுக்கவைத்துவிட்டு மறுபடி ஏறுவாள். ஒரு நாளும் தவறவில்லை என்றாள். தொடை விரிவதைப் பார்த்தாலே அது தெரிந்தது. பிள்ளைக்கும் பேச்சு வந்துவிட்டது. ஆறு கிழமை முடிந்த அன்று டொக்டர் எக்ஸ்ரேயை என்னிடமும் காட்டினார். பந்து கிண்ணத்தில் உட்கார்ந்திருந்தது. “இனிக் கட்டு வேண்டாம். நடக்க விடு” என்றார்.

ஆனால் கீர்த்தி நடக்கவில்லை. எந்த வலியும் இல்லை, காலில் பலமும் இருந்தது. நிற்பாள், சுவரைப் பிடித்துக்கொண்டு. கையை எடுத்தால் உட்கார்ந்துவிடுவாள். பயம். பிஸ்கட் காட்டினேன், பந்து உருட்டினேன், ஊதுகுழல் ஊதினேன். “கட்டாயப்படுத்தாதே, வரும்” என்றார் டொக்டர். அடுத்த மாதமும் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் தாய் தூக்கிக்கொண்டுதான் வந்தாள்.

அன்று கிளினிக் முடியும் நேரம். ஆஸ்பத்திரியின் நீண்ட நடைவழி வெறுமையாக இருந்தது. செல்வி பிள்ளையைத் தரையில் இறக்கி, ஆட்கள் உட்காரும் நீள வாங்கைப் பிடித்துக்கொண்டு நிற்கவைத்துவிட்டு என்னைப் பார்த்து, “சார், கொஞ்சம் பேசாம இருங்க” என்றாள். பிறகு திரும்பி நடந்துவிட்டாள். வேகமாக இல்லை, நிற்கவும் இல்லை.

“அம்மா” என்றது பிள்ளை. அவள் திரும்பவில்லை. “அம்மா, நில்லு!” வாங்கைப் பிடித்துக்கொண்டு அதன் முனை வரை வந்தது. அதற்கு மேல் பிடிக்க ஒன்றும் இல்லை. கையை விட்டது. நான் ஓடப்போனேன், டொக்டர் என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டார். ஓர் அடி. இன்னொன்று. ஆடி ஆடி, அழுதுகொண்டே, மூக்கு ஒழுக, “நில்லும்மா, நில்லும்மா” என்று அந்த நடைவழி முழுவதும் கீர்த்தி வந்தாள். எதிரே வந்த நர்ஸ் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார். செல்வி நிற்கவில்லை. பின்னாலிருந்து பார்க்க, அவள் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

கடைசியில் சுவர் வந்துவிட்டது, போக இடமில்லை. அப்போதுதான் திரும்பினாள், முகமெல்லாம் கண்ணீர். பிள்ளை வந்து அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தாயின் தொடையில் ஓங்கி ஓர் அடி போட்டது.

“ஏம்மா நிக்கல?”